வெள்ளைச் சீலையோடதான் போனாங்களா?

கேள்வி: எங்கள் அம்மாயி, கே.பி. சுந்தராம்பாள் படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருந்தார். ஒரு நடிகை மேல் இவ்வளவு பாசம் எப்படி? அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது ரசிகர்கள் எப்படிக் கொண்டாடினார்கள்?
(கரூர் வாசகி ஒருவர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மாயியின் நினைவுதான் வந்தது. அவர் கொண்டாடியதைச் சொல்கிறேன்.

1970-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எனக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டுக்கு வந்த பேப்பரை வாங்கி வந்து அம்மாயிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். சின்னச் செய்திதான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். மூன்றாவது தடவையும் சொன்னார். அப்புறம் கேட்டார்: "ஏன் கண்ணு, அந்த வெள்ளைச் சீலையோடதான் டெல்லிக்குப் போவாங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு அன்று புரியவில்லை. என் அம்மாயி இருபத்திரண்டு வயதில் தாலி இழந்தவர். நான் பார்த்த நாள் முதல் வெள்ளைச் சீலைதான். வீட்டில் நல்ல காரியம் என்றால் சமையற்கட்டை விட்டு வெளியே வர மாட்டார். என் அக்கா கல்யாணத்தில்கூட, முகூர்த்த நேரத்தில் அடுப்படியில்தான் இருந்தார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை, வெளியே வாங்க என்று கூப்பிடவும் இல்லை.

சுந்தராம்பாளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கோட்டை கிட்டப்பாவோடு மேடையில் பாடி, 1927-இல் அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா போய்விட்டார். சுந்தராம்பாள் அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. நகை கிடையாது. ஆனால் அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. அதே கோலத்தோடு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், கச்சேரி மேடையில் நடுவில் உட்கார்ந்தார். காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார், சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார். வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி முன்வரிசையில் இருப்பதையும், பெரியவர்கள் எழுந்து கும்பிடுவதையும் என் அம்மாயி போன்ற எத்தனையோ பேர் பார்த்தார்கள். பாட்டு பிடித்திருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாமி படத்தோடு மாட்ட வைத்தது பாட்டு மட்டும் இல்லை என்று நான் நம்புகிறேன். உங்கள் அம்மாயியும் வெள்ளைச் சீலைதானா? முடிந்தால் எழுதுங்கள்.

கேள்வி: கணவர் மறைந்த இரண்டே ஆண்டில் சினிமாவில் நடிக்க வந்தாரே, அதுவும் ஆண் வேடத்தில். ஏன்?
(திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்ததற்கு அந்த முடிவு இடம் கொடுத்தது. நாடக மேடையில் ஆண் வேடம் கட்டுவது அந்தக் காலத்துப் பெண்களுக்குப் புதிதும் அல்ல. நந்தனாரின் பண்ணையாரான வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர், சங்கீத உலகில் பெரிய பெயர். அந்தப் படத்துக்கு அம்மாவுக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் அவர். அவர் ஊரான கொடுமுடியின் ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமி ஞாபகம் வந்துவிடும்.

கேள்வி: தேசிய விருது அவருக்கு மிகவும் தாமதமாகக் கிடைத்தது என்று என் நண்பர் சொல்கிறார். சரியா?
(சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: சிறந்த பின்னணிப் பாடகி விருதைச் சொல்கிறீர்கள். 1969-இல் வந்த 'துணைவன்' படத்துக்காகக் கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் பாடகிக்கென்று அந்த விருது தொடங்கியதே அதற்கு முந்தைய ஆண்டுப் படங்களுக்குத்தான். முதல் விருது பி. சுசீலாவுக்கு, இரண்டாவது இவருக்கு. விருது என்று ஒன்றே இல்லாத காலத்தில் பாதி வாழ்க்கையைப் பாடி முடித்தவர். தமிழிசைச் சங்கம் 1966-இலேயே இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்துவிட்டது. உங்கள் நண்பரின் வருத்தம் எனக்குப் புரிகிறது.

கேள்வி: என் மகளுக்கு வயது பன்னிரண்டு. பழைய பாட்டு என்றாலே ஓடுகிறாள். சுந்தராம்பாளின் எந்தப் பாட்டை முதலில் கேட்க வைக்கலாம்?
(கோவை வாசகி ஒருவர்)

பதில்: 'திருவிளையாடல்' படத்தில் வரும் 'பழம் நீயப்பா'. யோசிக்கவே வேண்டாம். ஆனால் செல்போனில் போட்டுக் கொடுக்காதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அவர் குரலில் பாதிதான் வரும். மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில், கடைசி வரிசைக்கும் கேட்கப் பழகிய குரல் அது. மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது கொஞ்சமும் மெலியாது, சொல் ஒன்றுகூட உடையாது. கோபித்துக்கொண்டு மலை ஏறிய பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பாட்டு என்று முதலில் கதையைச் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கோபம் நன்றாகப் புரியும்.

1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', 1965-இல் 'திருவிளையாடல்', 1967-இல் 'கந்தன் கருணை' என்று மூன்று முறை ஔவையாக வந்தார். பிறகு நம் ஊர்க்காரர்களுக்கு ஔவை என்றால் அந்த முகம்தான். எனக்குப் பத்து வயதில் 'திருவிளையாடல்' எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. அம்மாயியோடு தரை டிக்கெட்டில் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் அம்மா கோலை ஊன்றி வந்ததும், அதுவரை பேசிக்கொண்டே இருந்த அம்மாயி சட்டென்று நிறுத்திவிட்டார். பாட்டு தொடங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முடியும்வரை கையை எடுக்கவில்லை. தோள் வலித்தது, ஆனாலும் நான் அசையவில்லை.