ஓர் இடம், எல்லாப் பாடமும்: வெளிக்களக் கற்றல் குறித்த கேள்வி பதில்

(கடலூர், புதுச்சேரி ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு, மாணவரை வெளியே அழைத்துச் சென்று பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.)

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஒரே கருப்பொருளில் எல்லாப் பாடங்களையும் வெளியில் நடத்த விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம் ஐயா? (நெல்லிக்குப்பம்)

பதில்: உங்கள் ஊர்க் கெடிலத்திலேயே தொடங்குங்கள், அம்மா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் கணுக்காலளவு தெளிவாக ஓடும் நாளில், கரையோரம் 10 மீட்டருக்குக் கயிறு பிடித்து, காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை மிதக்கவிடச் சொல்லுங்கள். அது 25 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், அது கணக்கு. மேலே ஓடும் நீரைவிடப் படுகையை ஒட்டி ஓடும் நீர் ஏன் மெதுவாகச் செல்கிறது என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டால், உராய்வைப் பற்றிய அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். அதே ஆற்றின் பெயரை அப்பர் தேவாரம் திருவதிகைக் கோயிலோடு சேர்த்துக் ‘கெடில வீரட்டானம்’ என்று சொல்கிறது. தமிழாசிரியருக்கு வேறு முன்னுரை தேவையில்லை. ஆனால் ஒரு முறை போய் வருவது சுற்றுலா. பருவத்துக்கு நான்கு முறை அதே கரைக்குப் போனால்தான் மாற்றம் கண்ணில் படும். மறவாதீர்கள்: மாணவரை அழைத்துச் செல்வதற்கு முந்தைய நாள், அதே நேரத்தில், நீங்கள் தனியே அந்த வழியை நடந்து பாருங்கள்.

கேள்வி: பாடப்பகுதியை முடிக்க நேரம் போதுமா? (பண்ருட்டி)

பதில்: போதும். நடத்தவேண்டிய பாடத்தைத்தான் வெளியில் நடத்துகிறீர்கள். கூடுதலாக ஒன்றும் இல்லை.

கேள்வி: நிழலை அளப்பதும் மட்டையை மிதக்கவிடுவதும் வேடிக்கை, கணிதம் அல்ல. எல்லாவற்றையும் கலந்தால் எதிலும் ஆழம் இராது. (கணித ஆசிரியர், கடலூர் முதுநகர்)

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கருப்பொருளுக்காகக் கணக்கை வலிந்து நுழைத்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஆனால் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை நிலமும் சேரும் என்பது உடன்பாடு. அவ்வாறு சேர்ந்தவையே குண்டு கிராமங்கள். குண்டு எத்திசையிலும் ஒரே தொலைவில் விழுந்தால் வட்டம்; விழாவிட்டால்? ஒழுங்கற்ற அந்த உருவத்தின் பரப்பைக் கட்டத்தாளில் முழுக் கட்டங்களையும் பாதிக் கட்டங்களையும் எண்ணித்தானே காணவேண்டும்? கட்டங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிற மாணவன், தொகை நுண்கணிதத்தின் வாசலில் நிற்கிறான்.

கேள்வி: அது வரலாற்றுக் கதை, வகுப்பறையிலேயே கட்டத்தாளைக் கொடுக்கலாமே? (அதே ஆசிரியர்)

பதில்: கொடுக்கலாம். ஆனால் கோட்டையின் இடிபாட்டில் நின்று, அந்த எல்லையைவிடத் தொலைவாகக் குண்டு எறியப் பீரங்கியை எந்தக் கோணத்தில் சாய்க்கவேண்டும் என்று வாதாடிய பிள்ளைகளை வகுப்பறையில் நான் கண்டதில்லை. ஒன்றில் நீங்கள் வென்றீர்கள்: அன்று விடை சரியா என்று நான் சோதிக்கவில்லை. திரும்பி வந்த மறுநாள் எழுத்துத் தேர்வு வைப்பது அதற்குப் பிறகு என் வழக்கமாயிற்று.

கேள்வி: பாடப்பகுதி முடியாவிட்டால் என்ன செய்வது? (வில்லியனூர்)

பதில்: பண்ருட்டி ஆசிரியருக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்களுக்கு ஊசுடு ஏரி அருகில் இருக்கிறது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளை வாரம் ஒரு நாள் எண்ணி வரைபடம் போடச் சொல்லுங்கள். முதலில் தனியே நடந்து பாருங்கள்.

கேள்வி: பிச்சாவரம் அழைத்துச் செல்லலாமா? (சிதம்பரம்)

பதில்: செல்லலாம். அலையாத்தி மரங்களில், சேற்றுக்கு மேலே நீண்டு காற்றை வாங்கும் மூச்சுவேரையும் மரத்தைத் தாங்கி நிற்கும் முட்டுவேரையும் அருகருகே பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் ஊரின் பழம்பெயருக்குக் காரணமான தில்லை மரத்தை மட்டும் யாரும் ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. முன்னதாக... சொன்னதையே சொல்லவேண்டாம் என்று பார்க்கிறேன்; ஆயினும் நடந்து பாருங்கள்.

கேள்வி: அனுமதிக் கடிதத்தின் மாதிரி கிடைக்குமா?

பதில்: உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள்.