அலுமினியக் குழாயில் ஆறு கம்பி: வீட்டில் செய்த ஸ்டீல் கிட்டார் ஏன் சுருதியில் நிற்பதில்லை?

வாசகர் கேள்வி: ஜன்னல் சட்டத்துக்குப் பயன்படும் 50×25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயில் ஆறு கம்பிகள் பூட்டி, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஒன்றை நானே செய்திருக்கிறேன். கம்பிகள் இரு முனைகளிலும் அலுமினிய ஆங்கிள் துண்டுகளின் மேல் ஏறிச் செல்கின்றன. ஏசி அறையில் சுருதி கூட்டி மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்றால் முதலில் சுருதி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறிவிடுகிறது. ஆறாவது கம்பியை முறுக்கி முடிப்பதற்குள் முதல் கம்பி தளர்ந்துவிடுகிறது. ஸ்டீலை வைத்தால் நடுக் கம்பிகள் மட்டும் கரகரக்கின்றன. அண்ணனின் கிட்டாரைப் பார்த்து அளந்து, ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுக் கோடுகள் வரைந்தும், மேலே போகப் போக ஸ்வரம் பொருந்தவில்லை. அடுத்ததாகப் பழைய கிரிக்கெட் மட்டை ஒன்றில் இதையே செய்ய ஆசை. நடக்குமா?

பதில்: உங்கள் கருவியின் விசித்திரமான உருவத்துக்கும் இந்தக் குறைகளுக்கும் தொடர்பில்லை. ஸ்டீல் கிட்டாரில் விரல் கம்பியை அழுத்தி மரத்தில் பதிப்பதில்லை. கழுத்தைக் கை பற்றுவதில்லை. உயர்த்திக் கட்டிய கம்பிகளின் மேல் கனமான ஒரு ஸ்டீல் கட்டை சறுக்குவதே வாசிப்பு முழுவதும். பெயரில் உள்ள ஸ்டீலும் அந்தக் கட்டையைத்தான் குறிக்கிறதே தவிர, கருவியின் உடலை அன்று. ஹவாயின் ஓவாஹு தீவில் லாயே என்ற ஊரில் 1874-இல் பிறந்த ஜோசப் கெக்குக்கு 1889 வாக்கில் இம்முறையை வளர்த்தெடுத்தபோது, அவர் கையில் இருந்தது சாதாரண கிட்டார்தான். கட்டை மெட்டுகளில் இடிக்காதபடி கம்பிகளை உயர்த்தியதே அவர் அதில் செய்த முக்கியமான மாற்றம். எனவே பலகை, குழாய், மண்வெட்டி என்று எதில் கம்பி கட்டினாலும் ஸ்டீல் கிட்டார் பொறுத்துக்கொள்ளும். கம்பியின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறுவதை மட்டும் அது பொறுத்துக்கொள்ளாது. உங்கள் முதல் இரண்டு குறைகளும் அந்தத் தூரம் மாறுவதால் வருபவை.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு நேர்ந்தது, மின் கிட்டார் வரலாற்றின் தொடக்கத்திலேயே நேர்ந்த ஒன்று. மின் கிட்டாரை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் போஷாம் முதலில் ஒரு கட்டுமானப் பலகையில் ஒற்றைக் கம்பி கட்டித்தான், கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் தமது காந்தப் பிக்கப்பைச் சோதித்தார். 1931-இல் ஹாரி வாட்சன் அவருக்காக மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அந்த உருவம், 1932-இல், பின்னாளில் ரிக்கன்பாக்கர் என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் ஏ-22 என்ற மாதிரியாக அலுமினிய வார்ப்பில் விற்பனைக்கு வந்தபோது, பார்த்தவர்கள் அதைத் தோசைக்கல் போன்றது என்று சொல்லாத குறையாக ‘வறுவல் சட்டி’ என்றே அழைத்தார்கள். மேடை விளக்குகளின் சூட்டில் அதன் சுருதி கலைந்தது. 1935-இல் அதே நிறுவனம் பேக்கலைட் என்ற கடின பிளாஸ்டிக்கில் உடல் கொண்ட மாதிரியைக் கொண்டுவந்தது. பேக்கலைட் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும்.

இப்போது உங்கள் மாடிக்கு வருவோம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் நீளும். ஒரு மீட்டர் எஃகு 0.12 மில்லிமீட்டர்தான் நீளும். மெல்லிய கம்பிகள் ஓரிரு நிமிடத்தில் சூடாகிவிடுகின்றன, குழாயோ இன்னும் அறையின் குளிர்ச்சியிலேயே இருக்கிறது. அதனால் கம்பி நீண்டு, இழுவை குறைந்து, சுருதி இறங்குகிறது. பிறகு குழாயும் சூடாகி, கம்பியைவிட அதிகமாக நீண்டு, கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. சுருதி பழைய இடத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட் எனப்படும். 570 மில்லிமீட்டர் நீளத்தில் மேல் ‘இ’ சுரத்துக்குக் கூட்டிய எஃகுக் கம்பிக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தால், முதலில் ஏறத்தாழ 18 சென்ட் இறங்கி, முடிவில் தொடக்க நிலையிலிருந்து 17 சென்ட் ஏறி நிற்கும். நீங்கள் கேட்டது இதைத்தான்; உங்கள் காதில் பிழையில்லை. உடனடித் தீர்வு ஒன்றே: வாசிக்கப்போகும் இடத்தில் கருவியை அரைமணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகே சுருதி கூட்டுங்கள்.

மரத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மரம் இழையின் போக்கில் எஃகைவிடக் குறைவாகவே நீள்வதால், அங்கே கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஏற்றம் இறக்கமாக மாறுமே தவிர, கலைவது நிற்காது. கம்பியும் உடலும் ஒரே அளவில் நீள வேண்டுமானால் உடலும் எஃகாக இருக்க வேண்டும்.

இரண்டாவது குறைக்கும் அதுவே மருந்து. சி6 சுருதியமைப்பில், அதாவது கீழிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ என்று கூட்டிய ஆறு கம்பிகள் சேர்ந்து 60 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான இழுவையை உங்கள் குழாயின் மேல் செலுத்துகின்றன. அந்த இழுவை குழாயின் மையத்தில் இல்லாமல் அதற்கு மேலே இருப்பதால், குழாய் வில்லைப் போல வளைகிறது. சுவர் கனம் ஒன்றரை மில்லிமீட்டர், கம்பி உயரம் 12 மில்லிமீட்டர் என்று கொண்டால், நடுவில் வளைவு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவே, முதலில் கூட்டிய மேல் கம்பியைக் கடைசிக் கம்பி முறுக்கி முடியும்போது 30 சென்டுக்கு மேல் இறக்கிவிடப் போதுமானது. பெரிய அலுமினியக் குழாய் வாங்கலாமே என்று தோன்றும். 50×50 குழாயின் விறைப்பு ஏறத்தாழ ஐந்து மடங்குதான். ஆனால் கம்பிகளும் மையத்தை விட்டு அவ்வளவு மேலே போய்விடுவதால், சுருதியில் கிடைக்கும் பலன் இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. அதே 50×25 அளவில், கிரில் பட்டறைகளில் கிடைக்கும் இரும்புக் குழாயை வாங்கினால் வளைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வெப்பத் தொல்லையும் பெருமளவு தீரும். 80 சென்டிமீட்டர் துண்டின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. மடியில் வைக்கும் கருவிக்குக் கொஞ்சம் கனம் இருப்பது நல்லதுமாகும். பிக்கப்பின் காந்தத்தை மட்டும் இரும்பில் நேரடியாக ஒட்டாமல், இடையில் ஒரு மரத்துண்டு கொடுங்கள். உலோக உடலை பிக்கப்பின் எர்த் கம்பியோடு இணைத்தால் இரைச்சல் குறையும். அப்படி இணைத்த பின், எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக்கில்தான் ஆம்பிளிஃபயரைச் செருக வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

நடுக் கம்பிகள் கரகரப்பதற்குக் காரணம், தட்டையான ஆங்கிளின் மேல் கம்பிகளைக் காடி, அதாவது கம்பி உட்காரும் சிறு பள்ளம், இன்றி அப்படியே படுக்க வைத்திருப்பது. அப்போது கம்பிகளின் அடிப்பக்கம் ஒரு மட்டத்தில் இருக்கும். ஸ்டீல் தொடும் மேற்பக்கமோ இருக்காது. கீழ்க் கம்பியின் கனம் 0.91 மில்லிமீட்டர், மேல் கம்பியின் கனம் 0.38 மில்லிமீட்டர் என்றால், நேரான கட்டை அவ்விரண்டின் மேலும் தாங்கி நிற்க, நடுவில் உள்ளவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிடுகின்றன. கரகரப்புக்கு அவ்வளவே போதும். ஊசி அரத்தால் ஒவ்வொரு கம்பிக்கும் அதன் கனத்துக்கேற்ற காடி வெட்டுங்கள். தடித்த கம்பியின் காடி ஆழமாகவும் மெல்லியதன் காடி மேலோட்டமாகவும் இருக்கட்டும். ஸ்டீலை வைத்துப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்தால், எந்தக் கம்பிக்கு மேல் வெளிச்சம் கசிகிறதோ அது இன்னும் தாழ்ந்திருக்கிறது என்று அறியலாம். அலுமினிய ஆங்கிளைக் கம்பி நாளடைவில் அறுத்துவிடும் என்பதால், அதையும் இரும்பாக மாற்றிவிடுவது நல்லது.

கோடுகளைப் பொறுத்தவரை, அண்ணனின் கிட்டாரில் கம்பி நீளம் பெரும்பாலும் 648 மில்லிமீட்டராக இருக்கும். அந்த அளவில் பன்னிரண்டாவது மெட்டு 324-இல் வரும். உங்கள் 570 மில்லிமீட்டர் கம்பியில் அந்த இடம் மேல் ஸ்தாயியையும் தாண்டி இரண்டரை அரைச்சுரம் மேலே இருக்கிறது. மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த கோடுகள் கிடைக்கும்: நட்டிலிருந்து, அதாவது கீகளின் பக்கம் கம்பியைத் தாங்கும் ஆங்கிளிலிருந்து, முதல் கோடு 32.0, ஐந்தாவது 143.0, ஏழாவது 189.6, பன்னிரண்டாவது 285.0 மில்லிமீட்டர். சாதாரண கிட்டாரில் அழுத்தும்போது கம்பி நீள்வதை ஈடுகட்ட, மறுமுனையில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜைச் சாய்ப்பார்கள். இங்கே அழுத்தமே இல்லாததால் அது தேவையில்லை. கோட்டின் நேர் மேலே ஸ்டீலின் நடுப்பகுதி நிற்க வேண்டும். மெட்டே இல்லாத கோட்டு வாத்தியத்தில் கருங்காலிக் கட்டையை வைத்துக் கமகம் வாசிப்பவர்கள் முடிவில் காதைத்தான் நம்புகிறார்கள். கோடுகள் கண்ணுக்கு ஒரு கைத்தடி மட்டுமே.

இனி கிரிக்கெட் மட்டை. நடக்கும், ஆனால் நீங்கள் நினைத்திருக்கக்கூடிய விதத்தில் நடக்காது. மட்டையின் கைப்பிடி பிரம்புத் துண்டுகளையும் ரப்பர் பட்டைகளையும் ஒட்டிச் செய்யப்படுவது. பந்தின் அதிர்ச்சி கையை எட்டாமல் தடுப்பதே அதன் வேலை. கிட்டாரின் கழுத்தைப் போலிருக்கிறதே என்று, கம்பியை முறுக்கும் டியூனிங் கீகளை அதில் பூட்டினால், வளைவதற்கென்றே செய்த பொருளின் மேல் 60 கிலோ இழுவையை ஏற்றியதாகும். நட்டை மட்டும் பிளேடில் வைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். கம்பி முடிவது கீயில்தான் என்பதால் கீ அசைந்தால் சுருதியும் அசையும். கைப்பிடியைத் தாங்க அடியில் முழு நீளத்துக்கும் இரும்புக் குழாய் கொடுக்கலாம்தான். பிறகு வாசிப்பது குழாயாகவும் மட்டை அதற்குப் போட்ட வேடமாகவும் ஆகிவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் பிளேடுக்குள்ளேயே அடக்குங்கள். பெரியவர்களுக்கான மட்டையில் பிளேடு ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; அகலம் விதிப்படி 10.8 சென்டிமீட்டரைத் தாண்டாது, ஆறு கம்பிகளுக்கு அது தாராளம். கம்பி நீளத்தை 45 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் கீகளுக்கும் பிரிட்ஜுக்கும் 11 சென்டிமீட்டர் மிஞ்சும். நீளம் குறைந்ததால் கம்பி தொளதொளக்கும் என்ற கவலை வேண்டாம். அதே கம்பிகளை நான்கு அரைச்சுரம் உயர்த்தி, சி6-க்குப் பதில் இ6-ஆகக் கூட்டினால் இழுவை ஏறத்தாழ முன்பு இருந்த அளவுக்கே வந்துவிடும். கோடுகள் நெருக்கமாகிவிடுவதால் மேல் ஸ்தாயியில் கை தடுமாறும் என்பது மட்டும் உண்மை. பிளேடின் முகப்பு லேசாகப் புடைத்திருப்பதால் நட்டும் பிரிட்ஜும் உட்காரும் இடங்களை இழைத்துச் சமப்படுத்த வேண்டும். மட்டை செய்யும் வில்லோ மென்மையான மரம் என்பதால் மர ஸ்குரூ நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கீகளை 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பூட்டி, அந்தத் தகட்டை மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட்டுகளாலும் அகன்ற வாஷர்களாலும் இறுக்குங்கள்.

ஆறு கீகளுக்கும் துளையிடுவதற்கு முன், போஷாம் பலகையில் செய்தது போல ஒரே ஒரு கம்பியை மட்டும் மட்டையில் கட்டிச் சுருதி கூட்டி, ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் அது எத்தனை சென்ட் இறங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். புதுக் கம்பி தானாகவே கொஞ்சம் நீளும் என்பதால், அதை மறுபடி கூட்டி இரண்டாவது காலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.