முதல் நாள் நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் யாரிடமாவது கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை. நீங்கள் ஜெர்மனியின் ஹானோவருக்கு வந்து ஒன்றரை வருடம், காப்பகத்திலிருந்து எடுத்த பத்து மாதக் கலப்பு நாய், அதுவும் ருமேனியாவிலிருந்து வந்தது. கால்வாய் ஓரத்து மைதானத்தில் நாய்கள் தடை தாண்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள், நம் நாயும் இப்படி ஓடினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. எங்கே சேர்வது, கலப்பு நாயைச் சேர்ப்பார்களா, அரைகுறை ஜெர்மனை வைத்துச் சமாளிக்கலாமா, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டச் சோலியை முடித்துவிடுவோம். நம் நீடர்சாக்சன் மாநிலத்தில் புதிதாக நாய் வளர்ப்பவர் தேர்வு எழுதியாக வேண்டும். 2013 ஜூலையிலிருந்து இந்த விதி. எழுத்துத் தேர்வை நாய் வருவதற்கு முன்பே முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. செய்முறைத் தேர்வுக்கு நாய் வந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, மறந்துவிடாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய நாய்க்கு மைக்ரோசிப்பும், பிறருக்கு நாய் செய்யும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடும் இங்கே கட்டாயம். நகராட்சிக்குக் கட்டும் நாய் வரி தனி. காப்பீட்டுச் சான்று, தடுப்பூசிப் புத்தகம் இரண்டையும் பையிலேயே வைத்திருங்கள். எந்தப் பயிற்சி இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பயிற்சிக்கு இங்கே இரண்டு வாசல். ஒன்று ஹுண்டெஷூலே, அதாவது காசு கொடுத்துப் படிக்கும் தனியார் நாய்ப்பள்ளி. இன்னொன்று ஃபெராயின், அதாவது உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் சங்கம். நீங்கள் கால்வாய் ஓரத்தில் பார்த்தது அநேகமாகச் சங்கத்து மைதானம்தான். தனியார் பள்ளியில் குழு வகுப்பு ஒன்றுக்கு நான் கொடுத்தது 15 முதல் 25 யூரோ வரை. தனி வகுப்பு என்றால் 70-ஐத் தாண்டும். சங்கத்தில் என் வருடச் சந்தாவே 100 யூரோவை ஒட்டித்தான் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் போகலாம். வித்தியாசம் ஏன் என்றால், சங்கத்தில் சொல்லிக்கொடுப்பவர்களும் உறுப்பினர்களே. வார நாளில் ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், இன்னொருவர் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறார். சனிக்கிழமை வந்து நம்மை விரட்டுகிறார்கள்.

நான் முதலில் போனது தனியார் பள்ளிக்கு. தொழிலாக நாய்ப் பயிற்சி கொடுப்பவருக்கு 2014 ஆகஸ்ட் முதல் விலங்கு நலச் சட்டப்படி அனுமதி வேண்டும்; கால்நடை அலுவலகம் தருகிறது. அந்தக் காகிதம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. அதைப் பார்த்தே நம்பிவிட்டேன். ஒரே வகுப்பில் பத்து நாய்கள். என் நாய் மீனா மற்ற நாய்களைப் பார்த்துக் குரைத்தபோது, பயிற்சியாளர் கூழாங்கல் போட்ட ஒரு தகர டப்பாவை அவள் காலடியில் வீசினார். குரைப்பு நின்றது, நானும் நன்றி சொன்னேன். அடுத்த வாரம் அந்த வாசலுக்கு இருபது அடி தள்ளியே மீனா படுத்துவிட்டாள். இழுத்தால் வரவில்லை, கெஞ்சினாலும் வரவில்லை. அந்தப் பயம் தெளிய நாலு மாதம் ஆயிற்று. அனுமதிக் காகிதம் அவருக்குப் படிப்பு இருக்கிறது என்று சொல்லும், கை எப்படி என்று சொல்லாது.

அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போய் வேலிக்கு வெளியே நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்க்கலாமா என்று கேட்டால் காபியே கொடுப்பார்கள். நன்றாகச் செய்கிற நாயைப் பார்த்து மயங்காதீர்கள். சொதப்புகிற நாயைப் பாருங்கள். அது குழம்பி நிற்கும்போது பயிற்சியாளர் யாரிடம் பேசுகிறார்? நல்லவராக இருந்தால் நாயின் ஆளிடம் பேசுவார்: உன் தோளைத் திருப்பு, பிஸ்கட்டை இன்னும் சீக்கிரம் கொடு, கொஞ்சம் தள்ளி நில். கெட்டவர் கயிற்றைத் தன் கையில் வாங்கிச் சுண்டுவார். ஒரு பயிற்சியாளருக்கு ஆறு நாய்க்கு மேல் இருந்தாலும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்கே சில சங்கங்கள் மிகப் பழையவை. ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்ச் சங்கம் 1899-இல் தொடங்கியது. காவல் நாய் பழக்கும் மரபு அங்கிருந்து வருகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், காவல் மூன்றும் சேர்ந்த, இப்போது ஐ.ஜி.பி. என்று பெயர் மாறியிருக்கும் அந்த நாய் விளையாட்டை அன்பாகச் சொல்லிக்கொடுக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதட்டலும் உறுமலும்தான் பயிற்சி என்று நினைக்கிற பெரியவர்கள் இன்னும் சில மைதானங்களில் மிச்சம் இருக்கிறார்கள். முள் கழுத்துப்பட்டையை 2022 ஜனவரியிலிருந்து பயிற்சியில் பயன்படுத்தக் கூடாது. மின்சார அதிர்ச்சிப் பட்டை அதற்கு வெகு முன்பே தடை. இரண்டில் எதையாவது கண்டால் அப்படியே சைக்கிளைத் திருப்புங்கள்.

சரி, கலப்பு நாய். தாராளமாகச் சேர்ப்பார்கள். எங்கள் மைதானத்தில் பாதிக்கு மேல் ருமேனியா, ஸ்பெயின், ஹங்கேரித் தெருக்களில் பிறந்தவை. சாதிச் சான்றிதழ் கேட்பது கண்காட்சியில்தான், ஓட்டத்தில் இல்லை. நீளம் அகலம் பார்க்க மாட்டார்கள், தோள் உயரம் மட்டும் அளப்பார்கள்; அந்த உயரத்தை வைத்துத்தான் தடையின் உயரம் முடிவாகும்.

நீங்கள் ஆசைப்படுவது அஜிலிட்டி. 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையில் கூட்டம் கலையாமல் இருக்க, குதிரைத் தாண்டலைப் பார்த்து நாய்க்குச் செய்த வேடிக்கை அது. இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தடை, சுரங்கக் குழாய், சீசா, கூரை மாதிரிச் சாய்ந்த பலகை, 12 கம்பிகளுக்கு நடுவே வளைந்து ஓடுவது எல்லாம் உண்டு. பார்க்க நாயின் விளையாட்டு மாதிரி இருக்கும். உண்மையில் வழியை மனப்பாடம் செய்ய வேண்டியது நாம். போட்டிக்கு முன்னால் ஆட்கள் நாய் இல்லாமல் வெறும் மைதானத்தில் கையை ஆட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், யாருக்கோ புத்தி கலங்கிவிட்டது என்றே தோன்றும். முதல் தடவை என் கணவர் அப்படித்தான் நினைத்தார்.

ஆனால் உங்கள் நாய்க்கு இப்போது பத்து மாதம். எலும்பு முற்றாத வயதில் உயரம் தாண்டவோ கம்பிகளில் வளையவோ விடக் கூடாது. நல்ல சங்கம் அதை அனுமதிக்கவும் செய்யாது. தரையில் கிடக்கும் கம்பியும் நேரான குழாயும்தான் தருவார்கள். போட்டியில் இறங்க 18 மாதம் ஆக வேண்டும். அஜிலிட்டிக் குழுவில் இடம் கிடைக்கவும் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்கள் சங்கத்தில் நான் காத்தது ஏழு மாதம்.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது பெக்லைட்ஹுண்ட் தேர்வு. கூட வரும் நாய்க்கான தேர்வு என்று சொல்லலாம். ஜெர்மன் நாய் வளர்ப்போர் கூட்டமைப்பின் கீழ் நடக்கும் அஜிலிட்டிப் போட்டிகளுக்கு இதுதான் நுழைவுச்சீட்டு. நான் செய்தபோது நாய்க்குக் குறைந்தது 15 மாதம் ஆகியிருக்க வேண்டும். நமக்கு ஒரு எழுத்துத் தேர்வு. பிறகு மைதானத்தில் நாய் நம் இடது முழங்காலை ஒட்டி நடக்க வேண்டும், நின்றுகொண்டிருக்கும் ஆட்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டும், உட்கார வேண்டும், படுக்க வேண்டும், கூப்பிட்டால் ஓடி வர வேண்டும். இன்னொரு நாய் இதையெல்லாம் செய்து முடிக்கும் வரை ஓரமாகப் படுத்தே இருக்க வேண்டும். 60-க்கு 42 எடுத்தால் தெருவில் நடக்கும் அடுத்த பகுதிக்குப் போகலாம். அங்கே சைக்கிள், ஓடுகிற ஆள், கார்க் கதவு, எதிரே வரும் நாய் எல்லாம் உண்டு. கடைசியில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நாம் கண்ணுக்கு மறைய வேண்டும். உங்கள் ருமேனியப் பிள்ளைக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டமாக இருக்கும், இப்போதே அரை நிமிடம் அரை நிமிடமாகப் பழக்குங்கள்.

எந்த மொழியில் கட்டளை சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எந்த மொழியானாலும் சரி, ஒரு வேலைக்கு எப்போதும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும். நான் தமிழில்தான் பழக்கினேன்: உட்கார், படு, வா. இதில் ஒரு வேடிக்கை. நான் ‘உட்கார்’ என்பேன், கணவர் ‘உக்காரு’ என்பார், மூன்று மாதம் வந்து தங்கிய என் மாமியார் ‘உக்காரும்மா தங்கம், ஏன் நிக்கிற’ என்று உபசாரம் செய்வார். மீனாவுக்கு எது கட்டளை, எது விருந்தோம்பல் என்று தெரியவில்லை. முதல் தேர்வில் தோற்றோம். உட்காரச் சொன்னதற்கு நின்று என் முகத்தைப் பார்த்தாள், படுத்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து நடுவரிடமே போய்விட்டாள். 39 மதிப்பெண். அன்று ராத்திரியே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினோம், எட்டுச் சொல், அதற்கு மேல் நாயிடம் யாரும் பேசக் கூடாது என்று. அடுத்த வசந்தத்தில் தேறினாள்.

உங்கள் ஜெர்மன் போதுமா என்றால், போதும். வகுப்பில் வருவது இருபது முப்பது சொல்தான்: இடது, வலது, மெதுவாக, கயிற்றைத் தளர்த்து. என் ஜெர்மன் வளர்ந்ததே அந்த மைதானத்தில்தான். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இங்கே அறுபது வயதுக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார், மாற மாட்டார். முதல் நாளே எல்லோரும் ஒருமையில்தான் பேசுவார்கள், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

சங்கத்தில் சேர்ந்தால் உடல் உழைப்பும் உண்டு. எங்களுக்கு வருடத்தில் பத்து மணி நேரம். செய்யாவிட்டால் அதற்குக் காசு கட்ட வேண்டும். நான் புல் வெட்டும் வண்டி ஓட்டக் கற்றேன். திருநெல்வேலியில் சைக்கிளே சரியாக ஓட்டாதவள் நான். போட்டி நடக்கும் நாளில் கேக் கொண்டுவருவோர் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். வருடாந்திரக் கூட்டத்துக்கும் ஒரு முறையாவது போங்கள். சாவிப் பெட்டியை வாசலின் இடப்பக்கம் மாட்டுவதா வலப்பக்கமா என்று முக்கால் மணி நேரம் பேசி ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அதைக் கேட்டு முடித்த அன்றுதான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று தோன்றியது.

அஜிலிட்டி ஒத்து வராவிட்டால் மனம் விட வேண்டாம். மாஷ் ஏரியைச் சுற்றி ஓடுவதாகச் சொன்னீர்களே, டூர்னியர்ஹுண்ட்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆளும் நாயும் சேர்ந்தே ஓடுவார்கள், 2000 மீட்டரும் 5000 மீட்டரும் உண்டு. உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ராலி ஒபீடியன்ஸில் பலகையில் எழுதியதைப் படித்துப் படித்துச் செய்து போக வேண்டும், வாய் விட்டுப் பேசலாம். கூச்ச சுபாவ நாய்க்கு நல்லது. கூட்டத்தைக் கண்டாலே நடுங்கும் நாய் என்றால் மேன்ட்ரெயிலிங் பாருங்கள். ஒருவரின் வாசனையைப் பிடித்து அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை, ஒரு நேரத்தில் ஒரே நாய். தகர டப்பாவுக்குப் பிறகு மீனாவை மீட்டது இதுதான்.

அப்புறம், ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை வயல்வெளியிலும் காட்டிலும் கயிறு அவிழ்க்கக் கூடாது, பறவை குஞ்சு பொரிக்கும் காலம். வேலி போட்ட மைதானத்தின் அருமை அப்போது தெரியும். உங்கள் நாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால், ஏப்ரலாக இல்லாவிட்டாலும் இப்போதைக்கு மார்ப்பட்டையிலும் கழுத்துப்பட்டையிலும் சேர்த்து இரண்டு கயிறு மாட்டுங்கள். ருமேனிய நாய்கள் பட்டையிலிருந்து நழுவுவதில் கெட்டிக்காரர்கள்.

சங்கத்துக்கு எழுதும்போது ஷ்னுப்பர்ஷ்டுண்டே வேண்டும் என்று எழுதுங்கள், மோந்து பார்க்கும் மணி நேரம் என்று அர்த்தம், அதாவது சேரும் முன் வந்து பார்க்கும் வகுப்பு. எங்கள் சங்கத்தில் முதல் இரண்டு வகுப்பு இலவசம். மின்னஞ்சலுக்குப் பதில் வரத் தாமதமானால் சனிக்கிழமை காலை நேரில் போய்விடுங்கள். மழை பெய்தால் வகுப்பு இருக்காது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், இருக்கும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.