வீட்டிலேயே கார்ப்பெட்டை அடி அழுக்கு போகச் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் முறையில் வேண்டாம். ஹால் கார்ப்பெட்டில் பால் கொட்டி வாடை அடிக்கிறது, வாஷிங் பவுடர் போட்டுத் தேய்த்து ரெண்டு வாளி தண்ணீர் விட்டு அலசலாமா, இல்லை கார்ப்பெட் கழுவும் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ரெண்டு வாளி வேலையை நான் 2019இல் செய்தேன்.

மதுரை வெயிலுக்குக் கார்ப்பெட் எதற்கு, ஜமக்காளம் போதாதா என்று யாராவது கீழே எழுதுவார்கள். எங்கள் வீட்டிலும் பவானி ஜமக்காளம் இருக்கிறது. அது பருத்தி, கல்லில் அடித்துத் துவைக்கலாம். இது அப்படி இல்லை. என் தம்பி குவைத்தில் டிரைவராக இருந்தபோது, முதல் முறை ஊருக்கு வந்தபோது தோளில் சுமந்துகொண்டு வந்த கம்பளிக் கார்ப்பெட். ‘தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு’ என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

2019இல் மீனாட்சி தேரோட்டமும் எம்.பி. தேர்தல் ஓட்டுப்பதிவும் ஒரே நாளில் வந்தன. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். எங்கள் வீடு நரிமேட்டில் இருப்பதால் உசிலம்பட்டி, மேலூர் சொந்தமெல்லாம் முதல் நாளே வந்துவிட்டது. ஆற்றுக்குப் போய்வந்த பிள்ளைகள் காலெல்லாம் மணல். மதியம் அக்கா மகன் ஜிகர்தண்டா பார்சலை நடு ஹாலில் வைத்துப் பிரிக்க, அது அப்படியே கவிழ்ந்துவிட்டது. பால், நன்னாரி, பாதாம் பிசின் எல்லாம் நூலுக்குள் இறங்கிவிட்டன. நான் பதறிப்போய் ஒரு வாளி வெந்நீரில் வாஷிங் பவுடரைக் கரைத்து, தேங்காய் நார் பிரஷால் தேய்த்தேன். நுரை போகவில்லை என்று இன்னொரு வாளி போர் தண்ணீர். பிழியவும் முடியவில்லை, நாலு பேர் சேர்ந்தும் தூக்கத் திணறினோம்.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பூட்டு. இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. மாடி பொது என்று பத்திரத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டு வீடும் மாசாமாசம் பராமரிப்புப் பணம் கட்டுகிறோம். ஆனால் சாவி அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். வற்றல், வடகம் காயப் போட வேண்டுமென்றாலும் அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு அவரும் திருவிழாவுக்குப் போய்விட்டார். அழகர் இறங்கிய நாள் வெயிலை விட்டுவிட்டு, நிழல் விழும் பால்கனிக் கம்பியில் கார்ப்பெட்டைப் போட வேண்டியதாயிற்று. இதைப் பற்றி மூன்று கூட்டத்தில் பேசிவிட்டேன். இன்னும் சாவி அதே ஆணியில்தான்.

மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருந்தது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைக் குடித்துவிட்டு மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. விரித்தேன். ரெண்டே நாளில் புளித்த பால் வாடையும் நனைந்த ஆட்டு வாடையும் சேர்ந்து வந்தன. வெள்ளைப் பூ வேலையில் டீக்கறை மாதிரி பழுப்புக் கோடுகள் வேறு.

எதிர்வீட்டுப் பெரியவர் செல்லூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். வந்து பார்த்தார். ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டினார். முடி கருகும் வாடை வந்தது, சாம்பலை விரலால் தேய்த்ததும் பொடிந்துவிட்டது. “இது முடி தாயி. உன் தலைமுடிக்கு வாஷிங் பவுடர் போட்டு வெந்நீர் ஊத்துவியா?” என்றார். சிந்தெடிக் என்றால் உருகிக் கெட்டியாக உருண்டுகொள்ளுமாம்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. வாஷிங் பவுடரில் சலவை சோடா இருக்கிறது, கம்பளிக்கு அது ஆகாது. வெந்நீர் பட்டால் பால் திரிந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அலச அலச வெள்ளைப் படிவம்தான் மிஞ்சும். அதில் மறுபடி தூசி ஒட்டும். முதுகில் இருக்கும் சணல் ஊறி, அதன் சாயம் ஈரத்தோடு மேலே ஏறியதுதான் அந்தப் பழுப்பு.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் கார்ப்பெட்டைக் குப்புறப் போட்டு, கீழே பழைய பேப்பர் விரித்து முதுகில் தட்டுவேன். முதல் தடவை தட்டியபோது ரெண்டு கைப்பிடி மணல் விழுந்தது, மாவு மாதிரி நைசாக, வைகை மணல் நிறத்தில். மேலே எத்தனை தடவை வேக்குவம் போட்டும் வராத மணல். நூலை அடியில் அறுப்பது அதுதான். என்னைக் கேட்டால் பாதிச் சுத்தம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லை என்றால், ஒரு லிட்டர் ஆறின ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் குழந்தை ஷாம்பு போட்டு நுரைக்க அடித்து, நுரையை மட்டும் எடுத்து, ஒரு முழ அகலம் முடித்த பிறகுதான் அடுத்த முழம். தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து, பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பழுப்புக் கோடு மங்கியதும் பால் வாடை போனதும் அந்த வினிகரால்தான், அதுவும் மூன்று தடவைக்குப் பிறகு.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். ரெண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், பொங்குவது வெறும் கார்பன் டை ஆக்சைடு. ஆப்ப சோடா வேண்டுமென்றால் காய்ந்த கார்ப்பெட்டில் தூவி அரை மணி நேரம் கழித்து உறிஞ்சி எடுங்கள், லேசான வாடைக்கு அது போதும்.

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் ரத்தச் சிவப்பாகிவிடும். பயப்படாதீர்கள், வினிகர் ஒற்றினால் மஞ்சளாகும், ரெண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் தானே மங்கும்.

காய வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டவலைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பேன். நாலு செங்கல் மேல் ஏற்றி, அடியிலும் காற்று போகும்படி ஃபேனைத் திருப்பி வைப்பேன். ஒரு நாளுக்குள் முதுகு காய்ந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் மட்டுமே இந்த வேலை. ஐப்பசி மழையில் தொடவே மாட்டேன்.

நான் தொழில்முறை ஆள் இல்லை. பட்டுக் கார்ப்பெட், கை முடிச்சுக் காஷ்மீர் கார்ப்பெட் என்றால் நான் சொன்னதைச் செய்யாதீர்கள், தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

வாடகை மெஷின் நான் எடுத்ததில்லை, எடுக்கச் சொல்லவும் மாட்டேன். அதுவும் தண்ணீரைப் பீய்ச்சித்தான் உறிஞ்சுகிறது. உங்களுடையது சிந்தெடிக், முதுகில் சணலும் இல்லை என்றால் பரவாயில்லை. முதலில் ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டிவிட்டு, என்ன வாடை வந்தது என்று எழுதுங்கள்.