வரவு செலவு: சூட்கேஸ் வேண்டாம், திரும்பி வர டிக்கெட் போதும்

வங்கியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்றவர், வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்பத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் முப்பத்தைந்து பேர் நாங்கள். எங்கள் தோழி ஒருத்தி (29 வயது) வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கென்யா போகிறாள். கிசுமு என்ற ஊரில் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் நிறுவனத்தில் தன்னார்வலர் வேலை. சம்பளம் கிடையாது, டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவள் கைக்காசு. ஆளுக்கு நாலாயிரம் போட்டு 1,40,000 ரூபாய் கொடுக்கப் போகிறோம். அதற்காக வாட்ஸ்அப் குழுவும் தொடங்கிவிட்டோம். வாராவாரம் அவள் அதில் போட்டோவும் அனுபவமும் போட வேண்டும் என்று பேச்சு. வேறு என்னென்ன உதவி செய்யலாம் மேடம்?
— பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: முதல் உதவி, அந்த வாட்ஸ்அப் குழுவைக் கலைப்பது. கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

1991-இல் எனக்கு இருபத்தாறு வயது. பாரிமுனைப் பக்கம் இருந்த கிளையிலிருந்து தர்மபுரி மாவட்டத்துக் கிராமக் கிளைக்கு நானே கேட்டு மாற்றல் வாங்கினேன். அங்கே 1989-இல் பெண்கள் சுயஉதவிக் குழுக்களை வைத்து அரசு ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. பிற்பாடு தமிழ்நாடு முழுக்க மகளிர் திட்டமாகப் பரவியது அதுதான். பட்டணத்துப் பெண் கிராமத்துக்குப் போகிறாள் என்று ஆபீஸே கொண்டாடியது. ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு, மெரூன் கலரில் விஐபி சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்கள். மூடியின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி முப்பத்தெட்டு பேர் கையெழுத்து. அப்போது ஏது கோயம்பேடு? பாரிமுனை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கையசைத்து அனுப்பினார்கள்.

பதினோராம் நாள் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல ஆகிவிட்டது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், கையில் நோட்டோடு இருக்கிற என்னைப் பார்த்துப் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். ராத்திரி கட்டிலுக்கடியில் அந்த சூட்கேஸ். திறந்தால் முப்பத்தெட்டு கையெழுத்து. ஒவ்வொன்றும் “என்னம்மா, அதுக்குள்ளயா?” என்று கேட்கிற மாதிரி இருக்கும். போகவில்லை. காய்ச்சல் வந்தது, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரில் ‘நலம், நலமறிய ஆவல்’. பத்து நாள் கழித்து, கூட்டத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டேன். டைபாய்டு.

குழுவின் ஊக்குநர் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து பத்து ரூபாய் எடுத்தார். பஸ் ஏற்றி என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தேன். உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்தே கொடுக்கும் கடன்) பக்கத்தில் ‘பேங்க் அம்மா, பஸ் சார்ஜ், 10’ என்று எழுதி, பக்கத்தில் மாத வட்டி 20 பைசா என்றும் போட்டிருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு, எல்லாருக்கும் என்ன வட்டியோ அதேதான் எனக்கும். அடுத்த மாதம் பத்து ரூபாய் இருபது காசைக் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்துதான் அவர்கள் என்னிடம் பேசினார்கள்.

உங்கள் தோழி போகிற துறைக்கே அடிப்படை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற இந்தக் கூச்சம்தான். 1976-இல் வங்கதேசத்தில், சிட்டகாங் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில், முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 42 பேருக்குச் சேர்த்துக் கொடுத்தது 27 டாலர். அது வளர்ந்து 1983-இல் கிராமீன் வங்கி ஆனது. 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசும் வந்தது. ஏழைகளிடம் அடமானம் வைக்க நகையும் பத்திரமும் ஏது? அதற்குப் பதில் குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்ற கூச்சம்தான் ஜாமீன். நல்ல காலத்தில் அது துணை. கெட்ட காலத்தில் கழுத்துக் கயிறு.

நீங்கள் இப்போது செய்யப் போவதும் அதைத்தான். ஒருத்தியைச் சுற்றி முப்பத்தைந்து ஜாமீன்தாரர்கள், வாரத் தவணை ஒரு போட்டோ. அவளுக்கு முடியவில்லை என்றாலும், அந்த நிறுவனமே சரியில்லை என்று தெரிந்தாலும் எப்படிச் சொல்வாள்? சிரித்த முகமாக ஏரிக்கரை போட்டோதான் போடுவாள். அந்த ஊர்ப் பெண்களின் படம் வேண்டும் என்று கேட்பது இன்னும் மோசம். நம் வீட்டுக் கடன் பாஸ்புக்கைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து யாரோ முப்பத்தைந்து பேருக்கு அனுப்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, பணத்துக்கு வருவோம். 1,40,000 ரூபாயை அவள் கணக்கில் போட்டால் ஒரு சிக்கல் உண்டு. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்புத் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி என்றில்லாமல் முழுத்தொகையும் அவள் வருமானத்தில் சேரும். வேலையை விடுவதால் அந்த வருடம் வரியே வராமலும் போகலாம், ஆனால் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். தனி ஆளுக்குக் கொடுப்பதால் உங்களுக்கும் வரிச்சலுகை எதுவும் கிடையாது. ஆகவே இப்போது 50,000-க்குள் கொடுங்கள். மீதியை உங்களில் பொறுப்பான ஒருவர் தனிக்கணக்கில் வைத்திருக்கட்டும். அதற்கு ஒரே வேலை: அவள் எந்த நாளில் ‘நான் வருகிறேன்’ என்று சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் டிக்கெட் போடுவது. இதை அவள் கிளம்புவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதமும் இருந்துவிட்டு வந்தால், அந்தப் பணம் அடுத்த வேலை கிடைக்கும்வரை அவள் வாடகைக்கு. போகும்போது மாலை போடுகிறவர்களுக்கு, வந்து இறங்குகிறவளுக்கு வேலை இல்லை என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கென்யாவில் இப்படி ஊர் கூடிப் பணம் திரட்டுவதற்கு ‘ஹராம்பே’ என்று பெயர். பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் நடக்கும். அந்தச் சொல் நாட்டுச் சின்னத்திலேயே இருக்கிறது. நம் மொய் மாதிரி. மொய் நோட்டு மட்டும் போடாதீர்கள்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் நாலு வாரம் சும்மா உட்காரட்டும். சந்தா எப்படி வாங்குகிறார்கள், தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள், பணம் கொண்டுவராதவள் எங்கே உட்காருகிறாள் என்று பார்க்கட்டும். இப்படி வெளியிலிருந்து போகிறவர்களுக்குத் தரப்படுகிற வேலைகளில் ஒன்று, ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கியவரை நேரில் தேடிப்போய், ஏட்டில் இருக்கிற தொகையும் அவர் வாங்கிய தொகையும் ஒன்றுதானா என்று கேட்பது. அதற்குக் கண் பழக வேண்டும்.

கணக்கும் பழக வேண்டும். 12,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 12 சதவிகித ஃபிளாட் வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 1,440, மாதம் 1,120 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 12,000-க்கும் போகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வட்டி 21 சதவிகிதத்தைத் தாண்டும். இதைக் காகிதம் இல்லாமல் சொல்லத் தெரிந்த பிறகு விமானம் ஏறினால் போதும்.

கேள்வி: உதவி செய்ய வெளிநாடுதான் போகணுமா? நம் சென்னையில் ஏழைகளே இல்லையா? அதுவும் மைக்ரோ ஃபைனான்ஸ் என்கிற இந்தச் சிறுகடன் கோட்டு போட்ட கந்துவட்டி என்றுதான் எனக்குப் படுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்

பதில்: சார், முதல் கேள்வியை அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து நாம் யாரும் கேட்பதில்லை. சம்பளம் இல்லாமல் போகிறவளிடம் மட்டும்தான் கேட்கிறோம்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. இந்த வேலையில் சென்னைக்கு நல்ல பரம்பரையே உண்டு. 1978-இல் ஜெயா அருணாசலம் இங்கே தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, தெருவில் கூடை வைத்து விற்கிற பெண்களுக்குச் சிறுகடன் வாங்கித் தருவதில் இறங்கியபோது யூனுஸின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் 2010-இல் ஆந்திராவில் நடந்ததும் நமக்குத் தெரியும். ஒரே பெண்ணுக்கு நாலு நிறுவனம் கடன் கொடுத்து, வசூலுக்கு வாசலில் நின்று, தற்கொலைச் செய்திகள் வந்த பிறகு அரசு அவசரச் சட்டம் போட்டது. இப்போது ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் சிறுகடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டுப் பிடுங்கக்கூடாது. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்கு நிச்சயம் உபயோகப்படும்.

கந்துவட்டியோடு ஒப்பிடும்முன் நம்மூர்த் தண்டலையும் பாருங்கள். பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வாங்குகிறார்கள். வருடக் கணக்குக்கு மாற்றினால் நூறு சதவிகிதத்துக்கு மேலே போகிறது. கோயம்பேட்டில் விடியற்காலை காய் எடுக்கிற பெண்ணுக்கு எதிரில் இருப்பது இந்த இரண்டு கதவுகள்தான். எந்தக் கதவு நல்லது என்று போய்ப் பார்க்க ஒருத்தி கிளம்பினால், பார்த்துவிட்டு வந்து உங்களிடமே சொல்லட்டுமே.

கேள்வி: என் மகளின் ஆபீஸ் பிள்ளைகள் உங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நான் அவள் அம்மா. தடுக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்? என்ன கட்டிக் கொடுக்கட்டும்?
— வில்லிவாக்கம்

பதில்: உங்களுக்குக் கையில் வேலை இருந்தால் தூக்கம் வரும், தருகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதல் வேலை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது, மலேரியா உள்ள இடம். என்ன மாத்திரை, எப்போதிலிருந்து என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சம்பளமில்லாத வேலைக்கும் அந்த நாட்டு அனுமதி வேண்டும். யார் எடுத்துத் தருகிறார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

அங்கே போனதும் எம்-பேசா கணக்குத் தொடங்கட்டும். நம் யுபிஐ 2016-இல் வந்தது. அவர்கள் 2007-இலிருந்தே சாதாரண போனில் காசு அனுப்புகிறார்கள். பேசா என்றால் பணம், நம் பைசாவுக்குச் சொந்தம். அப்புறம், நேரம். நமக்கு இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை. வாரத்தில் இரண்டு நாள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கூப்பிட்டால் தினமும் ‘நல்லா இருக்கேன்மா’ என்றுதான் வரும். இன்லண்ட் லெட்டரில் நான் எழுதியது ஞாபகம் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய உகாலி, மக்காச்சோள மாவில் கிண்டிய களி. ஒமேனா என்று ஏரியில் பிடித்துக் காயவைக்கும் பொடி மீன், நம் நெத்திலிக் கருவாட்டுக்குத் தங்கச்சி. சப்பாத்தியை அங்கேயும் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். பருப்புப் பொடி ஒரு கிலோ, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா போதும். புளிக்காய்ச்சலைக் கையில் எடுத்துப் போகிற பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், டப்பாவை இறுக மூடித் துணியில் கட்டி, பழைய புடவைக்கு நடுவில் வையுங்கள்.