பெரியவர்களின் பேச்சுப் பதிவுகளைச் சுருக்கிச் சேமிக்க எந்த ஒலி வடிவம் நல்லது?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: பகிர்வதற்கு ஓபஸ் (Opus: ஒலியில் கொஞ்சத்தை எறிந்து கோப்பை மிகச் சிறிதாக்கும் வடிவம்), பாதுகாத்து வைப்பதற்கு ஃபிளாக் (FLAC: எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்). இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். போதாது.

உங்கள் கைத்தொலைபேசி நிரம்பியிருக்கும். அதற்குள் அம்மம்மாவோ அப்பப்பாவோ மணிக்கணக்கில் கதைத்த பதிவுகள் இருக்கும். சுருக்கிவிட்டுப் பெரிய கோப்பை அழித்துவிடலாம் என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

எங்கள் பெரியப்பா வன்னியின் முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடியவர். அவர் பாடிய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 2009 போர்க்கால இடப்பெயர்வில் ஊரோடு அவையும் போயின. மீள்குடியேறிய பிறகு உறவினர் ஒருவர் தன் பழைய கைத்தொலைபேசியில் அவரைப் பாடவைத்துப் பதிந்தார். இன்று பெரியப்பா இல்லை. அவர் குரல் என்று எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஏஎம்ஆர் (AMR) கோப்புகள்தான்.

ஏஎம்ஆர், தொலைபேசி உரையாடலுக்காக உருவாக்கப்பட்ட வடிவம். அதன் சாதாரண வகை ஒலியை நொடிக்கு 8000 முறை மட்டுமே அளந்து மாதிரி எடுக்கிறது. ஏறத்தாழ 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி அதில் தங்காது. பெரியப்பா கதைப்பது விளங்குகிறது. ஆனால் சகரத்தின் சீறல் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அதனால் அவர் 'சலங்கை' என்று இழுக்கும் இடம் 'தலங்கை' என்றே காதில் விழுகிறது. மத்தளமோ தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. மனிதத் தொண்டையை மனத்தில் வைத்துச் செய்த வடிவத்துக்குள் மத்தளம் எப்படி அடங்கும்? மருமகன் ஒருவன் அதைச் சுருக்காத வேவ் (WAV) வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தான். கோப்பு பெருத்தது, சலங்கை திரும்பி வரவில்லை. சுருக்கும்போது எறிந்ததை எந்த வடிவமும் மீட்டுத் தராது.

அதனால்தான் பெரியம்மாவைப் பதிவு செய்தபோது முதலிலிருந்தே வேவ் வடிவில் எடுத்தேன். ஒற்றைத் தடத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒரு மணி நேரப் பேச்சு 300 மெகாபைட்டைத் தாண்டும். ஃபிளாக் அதைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். ஒரு துளியும் இழக்காது. அதிலிருந்து நொடிக்கு 24 கிலோபிட்டில் ஓபஸ் எடுத்தால் மணிக்கு 11 மெகாபைட்தான். கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப அது தாராளம். 2012 இல் இணையத் தரமாக வெளிவந்த இந்த வடிவம் பேச்சுக்கான ஒரு முறையையும் இசைக்கான ஒரு முறையையும் தன்னுள் வைத்திருக்கிறது. பெரியம்மா கதை சொல்லிக்கொண்டே வந்து, நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதித்த இரவுகள் நினைவுக்கு வந்ததும் 'பொலி, பொலி' என்று குரலெடுப்பார். அப்படிப் பாட்டும் வரும் பதிவுக்கு 48 கிலோபிட் வைத்துவிடுங்கள்.

எம்பி3 இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்க ஆட்கள் வருவார்கள். எனக்கு எம்பி3 மீது பகை இல்லை. பெரியம்மாவின் மேசை வானொலியில் பென் டிரைவ் செருகினால் அது எம்பி3 மட்டும்தான் பாடுகிறது. அவருக்காக ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட்டில் தனியாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே அளவில் வைத்துக் கேட்டால் ஓபஸ் தெளிவு என்பதுதான் என் பேச்சு. நான் ஒலிப்பொறியியல் படித்தவன் அல்லன். காதால் கேட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு குழு வந்து, நல்ல ஒலிவாங்கி வைத்து, பெரியம்மாவை ஒரு பகல் முழுவதும் பேசவைத்தது. காடு வெட்டிச் செய்த சேனைப் பயிருக்குள் இறங்கிய யானையைத் தகரம் தட்டிக் கலைத்த கதையை அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிறகு வந்தது சில நிமிடக் காணொளி. அந்தச் சிரிப்புக்கு அடியில் சோகப் புல்லாங்குழல் ஓடுகிறது! மூலப் பதிவின் பிரதியைக் கேட்டு எழுதினோம்; பதில் இல்லை. வன்னிக்கு வந்து பதிகிறவர்கள் கதை சொன்னவரின் வீட்டில் ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போவது மரியாதை. எங்கள் முதியவர்களின் குரலுக்கு யாரும் பின்னணி இசை கேட்கவில்லை.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். ஓபஸிலிருந்து எம்பி3, எம்பி3 இலிருந்து மீண்டும் ஓபஸ் என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். எது வேண்டுமானாலும் ஃபிளாக் கோப்பிலிருந்தே எடுங்கள். அந்த ஃபிளாக் கோப்பை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக மறுபடி பதியாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும்.