மரத்துக்கு ஒரு லட்சம்

கேள்வி: சொந்த நிலத்து மரங்களை வெட்டியதற்காக உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தது நியாயமா?

பதில்: நியாயமே. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வட்டாரத்தில் அனுமதியின்றி மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டு உத்தரவு தடுக்கிறது. அப்படியிருந்தும், 2024 செப்டம்பரில் பிருந்தாவனம் அருகே டால்மியா பண்ணை என்ற தனியார் நிலத்திலும் அதையொட்டிய சாலையோரத்திலும் 454 மரங்கள் இரவோடிரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. அவற்றில் 32 மரங்கள் சாலையோரத்துப் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியைச் சேர்ந்தவை என்பதால், ‘சொந்த நிலம்’ என்ற வாதமும் முழுதாக நிற்காது. (உரிய அனுமதி பெற்றவர் இருட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?) அந்தப் பசுமை மீண்டும் உருவாகக் குறைந்தது 100 ஆண்டுகளாகும் என்று கூறிய நீதிபதிகள், தொகையைக் குறைக்க மறுத்து, மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் செலுத்துமாறு 2025 மார்ச்சில் உத்தரவிட்டனர். அவ்வட்டாரத்துத் தனியார் நிலங்களில் மரம் வெட்ட முன் அனுமதி தேவையில்லை என்று 2019-இல் அளித்திருந்த தளர்வையும் அப்போதே திரும்பப் பெற்றுவிட்டனர்.